கடையை நடத்தலும் ஓட்டலும்: இந்தோனேசியர் ஆங்கிலம் கற்ற வரலாறு



என் தந்தையார் எங்கள் ஊர்ச் சந்தியிலே சிறியதொரு பலசரக்குக் கடை நடத்தி வந்தார். நான் எட்டாம் வகுப்பிற் படித்தபோது, தந்தையாரைப் பற்றி ஆங்கிலத்திற் பத்து வாக்கியம் எழுதுமாறு ஆசிரியர் பணித்தார். நாளொன்றுக்குப் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு மனனஞ் செய்து, அவற்றைக் கொப்பியில் நிரல்பட எழுதிவைக்கும் மாணவன் நான். நடத்துகிறார் என்பதன் அடி, நட. நட என்பதற்கு என் கொப்பி தந்த ஆங்கிலச் சொல் 'வோக்'. ஆதலால், 'மை ஃபாதர் வோக்ஸ் அ ஷொப்' என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியரும் சிரித்தார். கடைக்குக் கயிறு கட்டி வீதியிலே நடத்திச் செல்கிறாரோ உன் தகப்பனார் என்று கேட்டார். பின்னர், 'ரன்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதுவே சரி என்றார். என் குழப்பம் பெரிதாயிற்று. 'ரன்' என்றால் ஓடு என்றல்லவா கொப்பி சொல்லிற்று? நடக்காத கடை எவ்வாறு ஓடும்?

ஆண்டுகள் பல கழிந்தன. பட்டப் படிப்பை முடித்துக் கொழும்பிலே ஒரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், மலாயர் குலத்தவரான ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பரானார். ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல் அவர். வீட்டிலே மலாய், வீதியிலே தமிழும் சிங்களமும், வகுப்பிலே ஆங்கிலம் என நான்கு மொழியிலும் தடையின்றிப் பேசுவார். அவரிடம் ஆங்கில இந்தோனேசிய அகராதியொன்று இருந்தது. என் பழைய கடைக் கதையை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடை நடத்துகிறார் என்பதை இந்தோனேசிய மொழியில் எவ்வாறு சொல்வர் தெரியுமா என்று வினவி, 'மென்ஜாலன்கான்' என்னும் வினையைக் காட்டினார். அதன் அடிச்சொல் 'ஜாலான்'. பாதை, நடை என்பன அதன் பொருள். ஆங்கிலேயன் ஓட்டுகின்ற கடையை இந்தோனேசியரும் எம்மைப் போல நடத்தியே வருகின்றனர்! அன்று எனக்குண்டான ஆறுதலை என்னென்பேன்.

தனிச்சொல்லுக்குத் தனிச்சொல் பொருளாவதில்லை. வாக்கியத்துக்கு வாக்கியமே பொருளாகும். இந்த உண்மையைக் கண்டுகொள்வதற்கு அத்தீவுகளில் நானூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1521ஆம் ஆண்டு, மகல்லன் என்னும் போர்த்துக்கேய மாலுமியின் தலைமையில் ஸ்பானிய மன்னனுக்காகப் புறப்பட்ட கப்பற்படை கீழைக் கடலை அடைந்தது. மலாக்காவில் வாங்கப்பட்ட என்றீக் என்னும் அடிமையொருவன் அதில் இருந்தான். பிலிப்பைன் தீவுகளிலே அவன் பேசிய மொழியை ஆங்காங்கே விளங்கிக்கொண்டவர்கள் இருந்தனர். கப்பலிலிருந்த படைகளும் பீரங்கிகளும் செய்யமாட்டாத காரியத்தை அடிமையின் நா செய்தது. மகல்லன் அத்தீவுகளிலே மாண்டான். கூடச் சென்ற இத்தாலியரான பிகபெத்தா, பயணக் குறிப்புக்களோடு நானூறுக்கு மேற்பட்ட மலாய்ச் சொற்களையும் எழுதிக்கொண்டு திரும்பினார். உடலுறுப்புக்கள், உணவுகள், வாசனைச் சரக்குகள் எனப் பெரும்பாலும் தனிச்சொற்களின் வரிசை அது. என் எட்டாம் வகுப்புக் கொப்பிக்கு மூத்த உறவு என்றே அதனைச் சொல்லலாம். கராம்பின் பெயரை அறியலாம். ஆனால், கராம்பை என்ன விலைக்குத் தருவாய் என்று அதைக்கொண்டு கேட்டல் அரிது.

வாக்கியங்களைக் கொண்ட நூல் ஒரு சிறையிலிருந்து பிறந்தது. ஒல்லாந்தின் முதற் கீழைப் பயணத்தை நடத்தியவன் கோர்னேலிஸ் டி ஹௌட்மன் என்பவன். 1599ஆம் ஆண்டு, இரண்டாம் முறையாக வந்து சுமாத்திராவின் வடமுனையிலுள்ள அச்சே துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது பூசல் மூண்டு அவன் கொல்லப்பட்டான். அவன் தம்பி பிரெடெரிக் அச்சே சுல்தானின் சிறையில் ஏறக்குறைய ஈராண்டு இருந்தான். சிறைப்பட்டவனுக்கு மொழி வெறும் கல்வியன்று. சோறு கேட்கவும், விடுதலை கேட்கவும், காவலாளன் முகக்குறிப்போடு அவன் சொல்லையும் அளந்துகொள்ளவும் அது வேண்டும். பகலிலே மலாய் பயின்ற அவன், இரவிலே தென்வானத்து மீன்களையும் நோக்கினான் போலும். விடுதலை பெற்று ஊர் திரும்பி, 1603இல் அம்ஸ்டர்டாமில் அவன் அச்சிட்ட நூலின் பின்னிணைப்பாக, தென்வானத்து விண்மீன்கள் ஏறக்குறைய 300இன் பட்டியலும் இடம்பெற்றது. அகராதியின் வாலிலே வானநூல் தொங்குவதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்நூலின் சிறப்பு சொற்பட்டியலன்று, அதிலுள்ள உரையாடல்களே. கப்பல் துறைமுகம் சேர்தல், பண்டம் வாங்கல் விற்றல், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டல் என்று, வணிகன் ஒருவன் அந்நியக் கரையிற் சந்திக்கக்கூடிய நிலைமைகளை வாக்கியம் வாக்கியமாக டச்சிலும் மலாயிலும் அது தந்தது. இவற்றுட் சில அவனது சொந்த ஆக்கமல்ல. அதற்கு முந்திய நூற்றாண்டில் அன்வேர்ப் நகரத்து ஆசிரியரான பெர்லேமோன் என்பவர், பிளெமிஷ் பேசுவோர் பிரெஞ்சு பயில்வதற்கென்று எழுதிய உரையாடல் நூல் ஐரோப்பாவெங்கும் பலமொழிப் பதிப்புக்களாகப் பரவியிருந்தது. ஹௌட்மன் அதன் அமைப்பைக் கடன்கொண்டான். ஐரோப்பியச் சந்தையில் நெய்யப்பட்ட சட்டையை மலாய்க்காரனுக்கு அணிவித்த கதைதான். எனினும் கப்பல் வருகைபற்றிய பகுதியில் அச்சேயின் கடற்காற்று வீசுகிறது.

ஒல்லாந்தருக்குப் போட்டியாக வந்த ஆங்கிலேயர் இதனைக் கண்டு வாளாவிருப்பரோ? யாவாவின் பந்தாம் துறையிலே வணிகம் பயின்ற அகஸ்டின் ஸ்போல்டிங் என்பவர், இலத்தீன் வழியாக வந்த அவ்வுரையாடல்களை ஆங்கிலமாக்கினார். 1614இல் லண்டனில் அச்சாகிய அந்நூல் கிழக்கிந்தியக் கும்பனியின் தலைவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. நான் அறிந்தவரையில், ஆங்கில வாக்கியமும் மலாய் வாக்கியமும் இணைந்து நின்ற முதல் அச்சு நூல் இதுவே. இன்றைய இந்தோனேசிய மாணவன் கையிலுள்ள ஆங்கில நூலின் குலமுதல்வன் அது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அன்று கற்றவன் ஆங்கிலேயன், கற்கப்பட்டது மலாய். மிளகுக்காகக் கற்றான்.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 1701இல், தோமஸ் பௌரி என்னும் கடல்வணிகர் ஆங்கில மலாய் அகராதியை லண்டனில் வெளியிட்டார். இவர் 1669இல் சென்னை ஜோர்ஜ் கோட்டையில் வந்திறங்கி, பத்தொன்பது ஆண்டுகள் கீழைத் துறைகளிலே கப்பலோட்டியவர். சோழமண்டலக் கரையையும் நம்மவர் கட்டுமரத்தையும் வருணித்து எழுதியவர். அவரது அகராதியின் பின்னேயும் உரையாடல்களும் பல்வகை வாக்கியங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சொற்களை அடுக்கிவிட்டோம், இனி இவற்றை வாயில் வைத்துப் பேசுவதெப்படி என்ற கவலை ஒரு மாலுமிக்கு இருந்தது. பிற்காலத்துப் பண்டிதர் பலருக்கு அது இருக்கவில்லை. சுமாத்திராவின் மேல்கரையிலுள்ள பெங்கூலுவில் இளமையிலே பணியாற்றிய வில்லியம் மார்ஸ்டன் 1812இல் வெளியிட்ட மலாய் அகராதியும் இலக்கணமும் இவற்றினும் ஆழ்ந்த புலமையுடையன. அவற்றை இங்கே விரித்துரைக்க நேரமில்லை.

இதுவரை கூறியது வெள்ளையர் மலாய் கற்ற கதை. மறுபுறத்திலிருந்து பார்த்தவர் ஒருவரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவிற் பிறந்தவர். யேமன் நாட்டு அரபியரும் நாகூர்த் தமிழ் முஸ்லிம்களும் கலந்த குடும்பம் அவருடையது. மலாக்கா வணிகர் தம் கணக்கு வழக்குகளைத் தமிழிலே வைத்திருந்த காலம் அது. ஆதலால், சிறுவனான அப்துல்லாவைத் தந்தையார் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் தமிழ் பயின்றார். பின்னர் ராபிள்ஸ் துரையின் எழுத்தாளராகவும், ஆங்கிலேயருக்கும் பாதிரிமாருக்கும் மலாய் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கினார். முன்ஷி என்னும் பட்டம் அவ்வாறு வந்ததே.

பாதிரியார் ஒருவர் நற்செய்தி நூலை மலாய்ப்படுத்தியபோது, அப்துல்லா அருகிருந்து உதவினார். ஒவ்வொரு சொல்லும் மலாய்ச் சொல்லே. ஆயினும் வாக்கியம் மலாய் வாக்கியமாக இல்லை என்று அவர் முறையிட்டார். பாதிரியார் கேட்கவில்லை. கடைசியில் அவர் விரும்பியவாறே நூல் அச்சாயிற்று. தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அப்துல்லா வருத்தத்தோடு பதிவுசெய்துள்ளார். மலாய் மொழியிலே 'ஜாலான் பஹாசா' என்றொரு தொடர் உண்டு. மொழியின் பாதை, மொழியின் நடை என்பது பொருள். நம்முன்னோர் உரைநடை என்று சொன்னபோது எண்ணியதும் இதனையே. கடையை நடத்தும் சொல்லிலிருந்தே மொழியின் நடைக்கும் பெயர் வைத்த இரு கூட்டத்தார் நாமும் அவர்களும்! இச்செய்தியைப் படித்த பின்பு, என்னைப் பார்த்துச் சிரித்த ஆசிரியர்மேல் எனக்கிருந்த மனக்குறையும் தீர்ந்தது. நான் செய்ததும் பாதிரியார் செய்ததும் ஒரே பிழை. அவர் பிழையைச் சுட்டிக்காட்ட அருகில் ஓர் அப்துல்லா இருந்தார். எனக்கு இருந்தது கொப்பி மட்டுமே.

இனி, இந்தோனேசியர் ஆங்கிலத்தை நாடிய காலத்துக்கு வருவோம். இங்கே நம் நாட்டு வரலாற்றுக்கும் அவர் வரலாற்றுக்கும் பெரியதொரு வேற்றுமையுண்டு. நமக்கு ஆங்கிலம் ஆண்டவன் மொழி. சிங்களச் சகோதரர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று கேலியாகச் சொல்வதன் காரணம் அதுவே. இந்தோனேசியருக்கோ ஆண்டவன் மொழி டச்சு. ராபிள்ஸ் யாவாவை ஆண்ட 1811 முதல் 1816 வரையான காலமும், பெங்கூலுவில் 1820களின் நடுப்பகுதிவரை இருந்த ஆங்கிலக் கோட்டையும் நீங்கலாக, அவர்கள் ஆங்கிலத்தின் கீழ் வாழ்ந்தவரல்லர். ஒல்லாந்தர் தம் மொழியையும் தாராளமாகக் கொடுக்கவில்லை. மிகச் சிலருக்கே டச்சுப் பள்ளிகள் திறந்திருந்தன. 1930ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது, அந்நாட்டுச் சுதேசிகளுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரே.

அதற்கு ஈராண்டு முன்னர், 1928 ஒக்டோபர் 28ஆம் நாள், அன்று பத்தாவியா எனப்பட்ட ஜக்கார்த்தாவிலே கூடிய இளைஞர்கள், ஒரே தாயகம், ஒரே இனம், ஒன்றுபடுத்தும் மொழி இந்தோனேசிய மொழி என்று உறுதி பூண்டனர். மிகப் பெருந்தொகையினர் பேசிய யாவா மொழியை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. துறைமுகங்களிலே வழங்கிய மலாயையே எடுத்து, இந்தோனேசிய மொழி என்று அதற்குப் பெயரிட்டனர். பெரும்பான்மையோர் தம் மொழியை முன்னிறுத்தாது விட்டுக்கொடுத்த இந்நிகழ்ச்சி, மொழியாற் பெரிதும் அல்லற்பட்ட நாட்டவராகிய நாம் ஆறியமர்ந்து எண்ணிப்பார்க்கத் தக்கது. 1942இல் யப்பானியர் வந்து டச்சு மொழியை விலக்கினர். 1945இல் விடுதலை அறிவிக்கப்பட்டபோது, இந்தோனேசிய மொழியே அரச மொழியென அரசியலமைப்பிற் பொறிக்கப்பட்டது. உலகத்தோடு பேசுவதற்கு ஒரு மொழி வேண்டுமே? அவர்கள் டச்சை விட்டு ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்தனர். 1955 ஏப்ரல் மாதம் பாண்டுங் மாநாட்டுக்கு வந்த ஆசிய ஆபிரிக்கத் தலைவர்களை அதிபர் சுகர்ணோ ஆங்கிலத்திலேயே வரவேற்றுப் பேசினார். அச்சபையில் நம் நாட்டுப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையும் இருந்தார்.

ஆங்கிலம் பாடசாலைகளில் முதலாவது அந்நிய மொழியாயிற்று. ஆனால் அதனைக் கற்பிக்க ஆசிரியர் எங்கே? 1950களின் முற்பாதியில் யோக்யகார்த்தாவிலும் சுமாத்திராவின் புக்கித்திங்கியிலும் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் போர்ட் அறநிலையம் அதற்கு உதவியது. ஆசிரியர் பயின்று வெளியேறினர். மாணவர் தொகையோ அதனினும் விரைந்து பெருகிற்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அகராதிகளில் ஆங்கிலச் சொல்லுக்கு டச்சுப் பொருள் இருந்தது. புதிய தலைமுறைக்கு டச்சும் தெரியாது. பூட்டு ஒரு நாட்டில், திறவுகோல் இன்னொரு நாட்டில் என்னும் நிலை.

இந்நிலையிலே இருவர் கூடினர். ஒருவர் ஜோன் எக்கோல்ஸ், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். மற்றவர் ஹசான் ஷாடிலி, 1920இல் மதுரா தீவிற் பிறந்து அதே பல்கலைக்கழகத்திற் பயின்றவர். இருவரும் சேர்ந்து 1961இல் இந்தோனேசிய ஆங்கில அகராதியை வெளியிட்டனர். இந்தோனேசிய மொழியைப் படிக்க விரும்பிய ஆங்கிலம் அறிந்தோருக்கு அது பெரிதும் பயன்பட்டது. அதன் மறுபாதியான ஆங்கில இந்தோனேசிய அகராதி வெளிவர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1972இல் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டதால், டச்சு முறையில் இரண்டெழுத்தால் எழுதப்பட்ட சகர ஒலியும் ஓரெழுத்தாயிற்று. புதிய அகராதியும் புதிய எழுத்துமுறையையே மேற்கொண்டது. 1975இல் வெளிவந்த அந்நூல் 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. என் மலாய் நண்பர் கையிலிருந்தது அதுவே. இந்தோனேசியர் அகராதியைக் 'காமூஸ்' என்பர். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. கடல் என்பதே அதன் பழைய பொருள்.

அந்நூலின் பயன் சொற்றொகையில் மட்டுமன்று. பொதுவழக்கிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு வாக்கியங்களையும் தொடர்களையும் காட்டி, அவற்றுக்கு நேரே இந்தோனேசியத்தைத் தந்ததிலும் அது அடங்கியுள்ளது. சிறையிருந்த ஹௌட்மன் தொடங்கிய முறை, திசைமாறி, மண்ணுக்குரியவன் கைக்கு வந்து சேர்ந்தது. பொருள் ஒன்றை எழுதிவிட்டாற் போதாதா, வாக்கியம் எதற்கு என்று கேட்பாருண்டு. அவர்களுக்கு நானே அமைத்த சில எடுத்துக்காட்டுக்களால் விடை சொல்வேன்.

'ரைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் நிற்பதும் 'ரைஸ்', சாக்கில் இருப்பதும் 'ரைஸ்', கோப்பையில் இருப்பதும் 'ரைஸ்'. ஆங்கிலேயனுக்கு அது வாங்கி உண்ணும் பொருள். ஒரு சொல் போதும். இந்தோனேசியன் அதனை விதைத்து, அறுத்து, குற்றி, ஆக்கி உண்பவன். அவனுக்கு அது 'பாடி', 'பெராஸ்', 'நாசி' என மூன்று. நமக்கும் நெல், அரிசி, சோறு என மூன்று. ஆகவே, உழவன் 'ரைஸ்' நடுகிறான், அம்மா 'ரைஸ்' வாங்குகிறாள், பிள்ளைகள் 'ரைஸ்' உண்கின்றனர் என்று மூன்று வாக்கியம் தந்தாலன்றி, மாணவன் சோற்றை வயலிலே நட்டுவிடுவான்.

'வி' என்னும் சொல்லும் அவ்வாறே. கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் 'கீத்தா', விலக்கிச் சொன்னால் 'காமி'. நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டை நாம் தாய்ப்பாலோடு கற்றிருக்கிறோம். ஆங்கிலேயனுக்கு அந்த வேலியில்லை. தலைவன் ஒருவன் மேடையேறி ஆங்கிலத்தில் 'வி' என்னும்போது, கேட்போரையும் சேர்த்துச் சொல்கிறானா, புறத்தே நிறுத்திச் சொல்கிறானா என்பதை முழு வாக்கியத்தைக் கொண்டுதான் அறியவேண்டும். தமையன், தம்பி என்னும் முறைகளிலோ வேறொரு சிக்கல். ஆங்கிலம் ஆண் பெண் மட்டும் பார்க்கும். இந்தோனேசியம் மூத்தவரைக் 'காக்காக்' என்றும், இளையவரை 'ஆடிக்' என்றும் வயது பார்க்கும். தமிழ் இரண்டையும் பார்க்கும்.

எல்லாவற்றினும் இடர் மிகுந்தது 'யூ' என்னும் சிறுசொல். அதனை இந்தோனேசியப்படுத்த, பேசுவோன் யார், கேட்போன் யார், எவர் மூத்தவர், எவர் அதிகாரி என்பன தெரியவேண்டும். குடியேற்றக் காலத்தில், ஐரோப்பியருக்கென அச்சிடப்பட்ட மலாய்ப் பேச்சு நூல்களிலே ஏவல் வாக்கியங்கள் மலிந்திருந்தன. கொண்டுவா, எடுத்துச்செல், கதவைச் சாத்து. எசமானைத் 'துவான்' என்றழைக்கவேண்டியவன் எப்போதும் எதிரே நின்ற மலாய்க்காரனே. விடுதலை பெற்ற மக்கள் எல்லாரையும் ஒருபடித்தாக அழைக்க ஒரு சொல் வேண்டுமென்று, 1957இல் 'ஆன்டா' என்னும் முன்னிலைச் சொல் முன்வைக்கப்பட்டது. அச்சொல் விளம்பரங்களிலும் வானொலியிலும் ஊன்றிவிட்டது. தந்தையையும் ஆசிரியரையும் அச்சொல்லால் அழைக்க இன்றும் எவரும் துணியார். உயர்வு தாழ்வைச் சட்டத்தால் நீக்கலாம், சொல்லால் நீக்கல் அத்துணை எளிதன்று.

இம்முறைக்கும் குறையுண்டு. அவள் நேற்றுப் போனாள் என்னும் பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தை இந்தோனேசியத்தில் 'டியா பெர்கி கெமாரின்' என்பர். 'டியா' என்பது அவன், அவள் இருவருக்கும் பொது. 'பெர்கி' என்பது போனாள், போவாள் இரண்டுக்கும் பொது. நேற்று என்னும் சொல்லே காலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலம் வற்புறுத்தும் பாலும் காலமும் மொழிபெயர்ப்பிலே மறைந்து போகின்றன. மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கின்ற மாணவன் பரீட்சையிலே அவளை அவனாக்கிவிடுவான். அன்றியும், யாவாவிலோ பாலியிலோ உள்ள சிற்றூர்ப் பிள்ளைக்கு இந்தோனேசிய மொழியே பெரும்பாலும் பாடசாலையிற் கற்ற இரண்டாம் மொழி. அவன் ஒரு பாலத்தின் மேலேறி நின்று இன்னொரு பாலத்தைக் கட்டுகிறான். ஆகவே, இடப்பக்கத்து ஆங்கிலத்தை மறைத்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து அதனை மீண்டும் ஆக்கிப் பார்க்கவேண்டும் என்பார் என் நண்பர். தம் வகுப்பிலே தமிழை வலப்பக்கத்தில் வைத்து அவர் அவ்வாறே செய்வித்தார். பின்னர் பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து ஒரு வாக்கியம் சேர்க்கவேண்டும். பிறன் தந்த வாக்கியம் வாடகை வீடு என்பது அவர் வழக்கு.

எம்மொழியிலிருந்து அம்மொழிக்குச் சென்ற சொற்களை அவர் எனக்கு எண்ணிக் காட்டுவதுமுண்டு. கப்பல் 'காப்பல்' ஆயிற்று, பெட்டி 'பெத்தி' ஆயிற்று, கட்டில் 'காத்தில்' ஆயிற்று. வணிகத்தில் இடும் முதல் 'மோடால்' ஆயிற்று. கடையோ 'கெடாய்' என்று அங்கே இன்றும் திறந்திருக்கிறது. சுமாத்திராவின் பாருஸ் துறைக்கு அருகே தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் கல்வெட்டு நாட்டியிருக்கின்றனர். கடையை அங்கே நடத்திச் சென்றவர்கள் நம்மவர்தாம் போலும்.

கொழும்பை விட்டுச் சென்ற பின், 1996ஆம் ஆண்டு வன்னியில் ஒரு பாடசாலையிற் கற்பித்தேன். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளால் வகுப்பு நிறைந்திருந்தது. வாங்குகள் போதாமையால் பாதிப்பேர் தரையில் அமர்ந்தனர். ஆங்கிலப் பாடநூல் நால்வருக்கு ஒன்று. நண்பரின் முறையைப் பின்பற்றி, 'ரன்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். ஆறு ஓடுகிறது, பேருந்து நேரத்துக்கு ஓடுகிறது, என் தந்தையார் கடை நடத்துகிறார் என்று ஆங்கிலமும் தமிழுமாக மூன்று வாக்கியங்களை எழுதி, நான்காவதை நீங்களே எழுதுங்கள் என்றேன்.

பெரும்பாலோர் என் வாக்கியங்களையே சற்று மாற்றி எழுதியிருந்தனர். பின்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி, ஒன்றுக்கு இரண்டாக எழுதியிருந்தாள். நாங்கள் இரவிலே ஓடினோம் என்பது முதல் வாக்கியம். அம்மம்மாவால் ஓட முடியவில்லை என்பது அடுத்தது. முதல் வாக்கியத்தில் 'ரன்' என்பதன் இறந்தகால வடிவத்தையும், இரண்டாவதில் மாறாத வடிவத்தையும் பிழையின்றி இட்டிருந்தாள். சிவப்பு மையால் இரண்டுக்கும் சரி அடையாளம் இட்டு, கொப்பியை அவள் கையிற் கொடுத்தேன். அடுத்த பிள்ளையின் கொப்பியை எடுக்கச் சிறிது நேரமாயிற்று.